பதிலுக்கு விட்ட இடம்

விழுப்புரம்,
12.06.2023.

அன்புள்ள செல்விக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கு சுகம். உன் சுகமும், சின்னப்பராஜ் மச்சான், அவர் வீட்டில் எல்லார் சுகமும் அறிய ஆசை.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. போனையே கையால் தொட மாட்டேன் என்கிறாயாம், மச்சான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். தபாலாபீசில் கவர் கேட்டபோது அங்கிருந்த அம்மா, "கோர்ட்டு விஷயமா தம்பி?" என்றார். "இல்லீங்க, வீட்டுக்காரிக்கு" என்றேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அங்கேயே நான் எழுதின விலாசத்தை அந்த அம்மா பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

மைக் செட் கடை ஏதோ ஓடுகிறது. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. சோறு நானே பொங்கிக்கொள்கிறேன், குழம்பு மட்டும் கடையில். நீ வைத்துவிட்டுப் போன துளசிச் செடி பட்டுப்போயிற்று. தண்ணீர் ஊற்றினேன், இருந்தும் பட்டுப்போயிற்று.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். போன வாரம் கடையில் பழைய சவுண்ட் மிக்ஸரைத் துடைக்க எடுத்தேன். பின்பக்கத்தில் ஒரு பென்டிரைவ் சொருகியபடியே இருந்தது. போன வருஷம் மே மாதம் ஒலக்கூர் பக்கம் தேர்த் திருவிழாவுக்கு நம் மைக் செட் போனதே, அன்றைக்குப் பதிவானது. மைக்கில் பேசுவதெல்லாம் தானாகவே அதில் ஏறிவிடும். சாமியார் பிரசங்கத்துக்கு முன்னால் பதினோரு விநாடி நம் வெனிலா இருக்கிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மைக்கை நான்தான் டெஸ்ட் பண்ணுவேன் என்று அடம் பிடித்தாள். மேடையில் ஒருவர் சொல்ல, கடைசிக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே ஒருவர் நின்று கேட்பது நம் தொழில் வழக்கம். காதில் விழுந்தால் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினால் மேடைக்கு எட்டாது. நான் ஏரிக்கரையில் நின்றேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன்னு, ரெண்டு, மூணு. அப்பா, கேக்குதா?" என்கிறாள். அதற்குப் பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. துண்டு தெரிகிறதா என்று பார்க்கிறாள்.

அடக்கத்தன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை என்று உன் அண்ணிக்கு என்மேல் வருத்தம். இதைக் கேட்ட அன்றைக்குக் கடைக்குள் வந்தது.

நான்கு நாள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டு பண்ணியிருக்கிறேன். ஹவுஸ் மியூசிக் என்று நான் கேட்பேனே, "ஒரே டும் டும், தலைவலி" என்பாயே, அந்த வகை. முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீரான அடி. வேகத்தை நான் வைக்கவில்லை. அவள் ஒன்று இரண்டு மூன்று எண்ணின வேகத்தை அளந்து பார்த்தேன், நிமிஷத்துக்கு நூற்று இருபத்திரண்டு வந்தது. அதையே வைத்தேன். "கேக்குதா" என்ற பிறகு நாலு அடிக்கு ஒன்றுமே வைக்கவில்லை. டிரம் வைத்துப் பார்த்தேன், கீபோர்டு வைத்துப் பார்த்தேன். அது அவள் எனக்காகக் காத்திருந்த இடம். எதை வைத்தாலும் மனம் ஒப்பவில்லை.

இது நம் இருவருக்கு மட்டும். மச்சான் கையில் கொடுத்தனுப்பட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

உன்,
மரிய அருண்


திண்டிவனம்,
24.06.2023.

வெனிலா அப்பாவுக்கு,

இப்படி எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஏழு வருஷம் கூப்பிட்ட வாய். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, இருக்கட்டும்.

இங்கு எல்லாரும் சுகம். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்ததால் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் யூனிபாரம் தைக்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். எனக்குப் பட்டன் காஜா எடுக்கும் வேலை. ஒன்றாம் வகுப்பு சைஸ் சட்டை வந்தால் பக்கத்து மெஷின் புனிதாவிடம் தள்ளிவிடுவேன். அவள் பெருமுக்கல்காரி, நல்ல பெண். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

துளசிக்குத் தண்ணீர் ஊற்றினதாக எழுதியிருக்கிறீர்கள். தினமும் குடம் குடமாக ஊற்றியிருப்பீர்கள். அதனால்தான் பட்டுப்போயிருக்கும்.

பாட்டு வேண்டாம். என்னால் கேட்க முடியாது. அக்டோபர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை பதினேழு தடவை உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஒலக்கூரில் கபடிப் போட்டிக்கு செட் போட்டிருந்தீர்கள். காய்ச்சல் கொதிக்கக் கொதிக்க அவள் ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, "அப்பா எடுக்கலியாம்மா?" என்றாள். "எடுத்துட்டாரும்மா, வந்துக்கினே இருக்காரு" என்று பொய் சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பாட்டை நான் எந்தக் காதால் கேட்பது?

நீங்கள் அழுததற்குச் சந்தோஷம். கிண்டலாகச் சொல்லவில்லை. பாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள். அவள் வேடிக்கைப் பொருள் இல்லை. இந்த ஒன்றை மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்கள்.

அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டைக் கொடுத்தனுப்புங்கள். அண்ணன் கையில் ஒரு பை மல்லாட்டை அனுப்பியிருக்கிறேன். கடலையை வறுத்துக் கருக்கிவிடாமல் அவித்துச் சாப்பிடுங்கள்.

இருதயசெல்வி


விழுப்புரம்,
18.09.2023.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் சத்தியம் என்ற வார்த்தை வந்து நிற்கிறது. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். நீ யார் வாயாலோ கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து கோபி என்றொரு டி.ஜே., புதுச்சேரியில் ஒரு நிகழ்ச்சிக்கு நம்மிடம் பாஸ் ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு எடுக்க ஜூலையில் வந்தான். கம்ப்யூட்டரில் பாட்டு திறந்திருந்தது. "அண்ணா, இது இன்னாது?" என்று அவனே தட்டிவிட்டான். நான் தடுத்திருக்கலாம். எழுந்து போய் நிறுத்த நான்கு எட்டுதான். போகவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டு, "யாரு வாய்ஸ்ண்ணா?" என்றான். சொந்தக்காரப் பிள்ளை என்று சொன்னேன்.

முதலில் முடியாது என்றேன். ஒரே ஒரு தடவை கூட்டத்தில் போட்டுப் பார்க்கிறேன் என்றான். பெட்டியோடு நானும் புதுச்சேரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு மண்டபம், நானூறு பிள்ளைகள் இருப்பார்கள். அவள் "அப்பா, கேக்குதா?" என்றதும் அந்த நாலு அடி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் "கேக்குது" என்றாள். அடுத்த தடவை பத்துப் பேர். மூன்றாம் தடவை மண்டபம் முழுக்க ஒரே குரலாக "கேக்குது" என்றது.

செல்வி, நான் அவளுக்கு ஒருநாளும் வாயால் பதில் சொன்னதில்லை, துண்டைத்தான் தூக்கினேன். நானூறு பேர் எனக்குப் பதிலாகச் சொன்னார்கள். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். பேருக்காக இல்லை. நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

கோபி அதை ஒரு கம்பெனி மூலமாகப் போன வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். பாட்டின் பெயரே "கேக்குதா"தான். கோபியே எதிர்பார்க்காத அளவுக்குப் போய்க்கொண்டிருக்கிறதாம்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. மழைக்கோட்டைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன்.

உன்,
மரிய அருண்


திண்டிவனம்,
09.01.2024.

திரு. மரிய அருண் அவர்களுக்கு,

மழைக்கோட்டை ஏன் துவைத்தீர்கள்?

நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தேன். தானாக அடங்கிவிடும் என்று அண்ணன் சொன்னார். அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடையில் போடுகிறான். எதிர் மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரும்போது போடுகிறார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அங்கேயும் அவள்தான். புனிதா போனில் அதைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தாள். மெஷினில் நான் குனிந்திருக்கும்போது பக்கத்திலிருந்து என் பிள்ளை "அப்பா, கேக்குதா?" என்கிறாள். அன்றைக்கு ஊசி விரலில் இறங்கிவிட்டது. "இன்னாக்கா, ஒரு போன் அடிச்சதுக்கா இப்டி பதர்றீங்க?" என்று புனிதா கட்டுப் போட்டாள். "அது கம்ப்யூட்டர்ல பண்ண கொரலாம்க்கா, நெசப் பொண்ணே கெடையாதாம்" என்று வேறு சொன்னாள்.

நெசப் பொண்ணே கிடையாதாம். சொந்தக்காரப் பிள்ளை என்று சொன்னீர்களே, அதன் பலன். சொந்தக்காரப் பிள்ளைக்கா நீங்கள் மண் தள்ளினீர்கள்?

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் சின்னப் பிள்ளைகள் சம்மனசு இறக்கை கட்டிக்கொண்டு அதற்கு ஆடினார்கள். ஜனமெல்லாம் சிரித்துக்கொண்டே "கேக்குது, கேக்குது" என்கிறது. நான் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் வீட்டில் நாள் முழுக்க அந்தக் குரலில் பேசிக் காட்டுகிறாள். அவளுக்கு மூன்று வயது, அவளை என்ன சொல்வது?

நானூறு பேர் பதில் சொன்னார்கள் என்று பெருமையாக எழுதினீர்கள். இப்போது ஊரே சொல்கிறது. சொல்ல வேண்டிய ஆள் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு ஊரைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் குரல் எங்கேயும் இருக்கக் கூடாது. கம்பெனியில், கம்ப்யூட்டரில், அந்தப் பென்டிரைவில், எங்கேயும். சாட்சிக்கு அவள் கல்லறையில் கை வைத்துச் சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் நான் வேறு ஊருக்குப் போய்விடுவேன். ஆனால் எந்த ஊரில் அது இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இருதயசெல்வி


விழுப்புரம்,
21.01.2024.

அன்புள்ள செல்விக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். சென்னைக்குப் போய்க் கோபியிடம் உண்மையைச் சொன்னேன். "அண்ணா, இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே" என்றான். வேறு ஒரு குழந்தையைப் பாட வைத்து, அவள் குரலை எடுத்துவிட்டுப் பாட்டை மாற்றிவிடுவார்களாம். பழையதை நெட்டில் யார் எங்கே ஏற்றினாலும் தானாகவே எடுபட்டுவிடும்படி செய்வார்களாம். இரண்டு மாதம் ஆகும் என்றான்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை.

போன் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. நான் பாஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதற்குப் பக்கத்தில் நின்றால் சட்டை அதிரும், நெஞ்சு அதிரும், பாக்கெட்டில் இருக்கிற சாவி அதிரும். போன் அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது செல்வி. பெட்டிதான் அதிர்கிறது என்று நினைத்தேன். பதினேழு தடவையும் அப்படித்தான் நினைத்தேன். செட் நன்றாக எடுக்கிறது, இன்றைக்கு அடி நெஞ்சில் இறங்குகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டதற்கு நான் தாளம் தட்டினேன்.

அன்றைக்கு நீ கேட்டபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுக்காமல் விட்டுவிட்டான் என்று நீ நினைப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். இந்தப் பாட்டைப் பண்ணும்போதும் அடியின் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். பாக்கெட்டில் ஏதாவது அதிர்ந்தால் தெரிகிற அளவுக்கு.

மழைக்கோட்டில் சேறு இருந்தது. அதனால் துவைத்தேன். யோசிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

மரிய அருண்


விழுப்புரம்,
22.03.2024.

செல்விக்கு,

எல்லாம் முடிந்தது. குரல் மாறிவிட்டது. புதுக் குழந்தை நன்றாகத்தான் பாடுகிறது, எண்ணும்போது மட்டும் கொஞ்சம் அவசரப்படுகிறது. கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். பென்டிரைவை அம்மிக்கல்லில் வைத்து உடைத்தேன். கல்லறையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன். இனி எங்கும் இல்லை.

மரிய அருண்


திண்டிவனம்,
04.11.2024.

வெனிலா அப்பாவுக்கு,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. முதலில் கோபம் இருந்தது. அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்புறம் நாள் ஓடிவிட்டது.

தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டேன், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். அண்ணனுக்கு வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார்.

கல்லறைத் திருநாளுக்கு விழுப்புரம் வந்தேன். நீங்கள் காலையிலேயே வந்து போய்விட்டீர்கள் என்று மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் தெரிந்தது. சுற்றிப் புல் பிடுங்கி, சாமந்திப்பூ போட்டு அழகாக வைத்திருந்தீர்கள். நான் மண்டிபோட்டு அவளோடு பேசப் பார்த்தேன். எப்போதும் பேசினால் மனத்துக்குள் பதில் வரும், அவள் குரலில். இந்தத் தடவை வரவில்லை.

வீட்டுக்கு வந்து எவ்வளவோ முயன்றேன். முகம் வருகிறது, ஈறு தெரியச் சிரிப்பது வருகிறது, "இன்னாம்மா நீ" என்பாளே, அந்த வார்த்தை வருகிறது. குரல் வரவில்லை. அந்தப் புதுக் குழந்தையின் குரல்தான் வருகிறது. எதிர் மண்டபத்தில் அதைத்தான் போட்டுப் போட்டு என் காதில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அதையும் போடுவதில்லை, வேறு பாட்டு வந்துவிட்டது. புனிதாவிடம் கேட்டேன். "அது பழசாயிடுச்சிக்கா, போன் மாத்தனப்பவே ரிங்டோனும் போயிடுச்சி" என்றாள்.

ஜூஸ் கடைக்குப் போய் நின்றேன். மண்டபத்து வாசலில் நின்றேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் எதைக் கேட்காமல் இருக்கத் தெருவை மாற்றி நடந்தேனோ, அதைத் தேடிக்கொண்டு திரிகிறேன். சிரிக்காதீர்கள்.

எங்கேயாவது மிச்சம் இருக்கும் இல்லையா? நீங்கள் எல்லாவற்றையும் அழித்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும் உங்களை. ஒரு ஓரத்தில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பீர்கள். திட்ட மாட்டேன். கொடுத்தனுப்புங்கள்.

செல்வி


விழுப்புரம்,
01.12.2024.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒளித்து வைக்கவில்லை. வாழ்நாளில் நீ சொன்ன ஒன்றையாவது முழுதாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அதைப் போய் இதில் செய்தேன்.

தேடிக்கொண்டிருக்கிறேன். கோபியிடமும் இல்லை, நம்மோடு சேர்ந்து அவனும் அழித்துவிட்டான். அந்தத் திருவிழாவில் யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்று ஒலக்கூர் பக்கம் வீடு வீடாகப் போனேன். தேர் இருக்கிறது, வாணவேடிக்கை இருக்கிறது, மைக் டெஸ்டிங்கை யார் எடுப்பார்கள்? பழைய பாட்டை இப்போது யாரும் இறக்கி வைத்துக்கொள்வதில்லை, நெட்டிலேயே கேட்டுவிடுகிறார்கள். நெட்டில் மாறிவிட்டது. இரண்டு கல்யாண வீடியோ கிடைத்தது. இரண்டிலும் அவள் ஆரம்பிக்கும்போதே கூட்டம் "கேக்குது, கேக்குது" என்று கத்துகிறது. அவள் குரலைப் பிரிக்க முடியவில்லை. பத்து நாள் முயன்று பார்த்தேன். அவர்கள் பதில்தான் இருக்கிறது, அவள் கேள்வி இல்லை.

வீட்டில் அவள் பேசின வீடியோ எதுவும் உன் பழைய போனில் இருந்ததா? மச்சான் மகன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டானாம், கேட்டேன். என் போன் அந்த அக்டோபரில் ஏரியில் போய்விட்டது. நான்தான் எறிந்தேன், அது உனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும் குரல் ஞாபகம் இருக்கிறது. பதினோரு விநாடி, ஒவ்வொரு மூச்சும். நாலு நாள் அதை வெட்டி ஒட்டினவன் இல்லையா? ஆனால் அதை உனக்கு எப்படிக் கொடுப்பது?

தேடுவதை விடமாட்டேன்.

உன்,
அருண்


திண்டிவனம்,
08.02.2025.

வெனிலா அப்பாவுக்கு,

இனித் தேட வேண்டாம். கிடைத்துவிட்டாள்.

பொங்கல் கழித்துப் புனிதா மகனுக்குக் காதுகுத்து என்று பெருமுக்கல்லுக்கு மினி பஸ்ஸில் போனேன். டிரைவர் பெயர் மாசிலாமணி. ஊர்ப்பட்ட பழைய பாட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தேன். "ஹலோ, ஹலோ" என்றாள். எழுந்துவிட்டேன். கையில் இருந்த மொய்க் கவரைக் கீழே போட்டுவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமே இல்லாமல், அவள்தான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சும்மாவே ஏறிப் போய்வந்தேன். மூன்றாம் தடவை மாசிலாமணியிடம், "தம்பி, அந்தப் பாட்டை எனக்கு ஏத்தித் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் கை கூப்பாத குறையாக, "அக்கா, அத மட்டும் கேக்காதீங்க. அந்தப் பென்டிரைவு செத்துக்கினு கெடக்குது. ஒரு தபா புடுங்கிட்டு சொருவுனேன், ஒரு வாரம் பாடவே இல்ல. அன்னியிலிருந்து கையே வெக்கறதில்ல. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது, இருக்கற வரிக்கும் இருக்கட்டும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. யார் குரல் என்றும் சொல்லவில்லை. பெருமுக்கல் கோயிலுக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "வேதக்காரங்ககூட எங்க சாமிய கும்பிட வர்றாங்க" என்று கண்டக்டரிடம் பெருமையாகச் சொல்கிறார்.

எங்களுக்கு வார லீவு புதன்கிழமை. புதன்தோறும் போகிறேன். மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொள்வேன். நீங்கள் துவைத்த பிறகு அதில் அவள் வாசம் இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்வேன்.

பாக்கெட்டில் அதிர்ந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை நான் படித்த அன்றைக்கே நம்பிவிட்டேன். நம்புகிறேன் என்று ஒரு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். அது என் தப்பு. உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் திரும்பி வந்து சேர்ந்து வாழ என்னால் முடியாது. உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ஆட்டோ ஞாபகம் வரும். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அந்தக் கபடித் திடல். ஒரு வீட்டில் அது இரண்டும் எப்படி இருக்க முடியும்? இதை எழுதும்போது அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், மை கலைந்திருந்தால் அதனால்தான்.

இருந்தாலும் அவள் உங்களுக்கும் பிள்ளை. பிரிந்துபோன தாய் தகப்பன் பிள்ளைக்கு நாள் பிரித்துக்கொள்கிறார்கள் இல்லையா? புதன்கிழமை எனக்கு. சனிக்கிழமை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பஸ்ஸில் இருவரும் உட்கார வேண்டாம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காலை பத்து இருபதுக்குக் கிளம்பும். பச்சை வண்டி. கிளம்பும்போது போட்டால் முதல் பாட்டிலிருந்து ஓடும், அவள் ஆறாவது. ரயில்வே கேட் மூடாமல் இருந்தால், பெருமுக்கல் மலை கண்ணில் படுகிற இடத்தில் வருவாள். வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது. பென்டிரைவைத் தொட்டுப் பார்க்கிறேன், சரிபண்ணுகிறேன், போனில் பதிவு பண்ணிக்கொள்கிறேன் என்று உங்கள் தொழிலைக் காட்டாதீர்கள். அதற்கு எத்தனை நாளோ அத்தனை நாள்.

அவள் கேட்டு முடித்ததும் நீங்கள் விட்டு வைத்த அந்த நாலு அடி வரும். பஸ்ஸில் இப்போது யாரும் பதில் சொல்வதில்லை. பாட்டு பழசாகிவிட்டது, ஜனங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நானும் சொல்வதில்லை. அவள் கேட்டது என்னை இல்லை.

அதனால் சனிக்கிழமை போங்கள். கையைத் தூக்காதீர்கள், துண்டை ஆட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வாருங்கள்.

வெனிலா அம்மா